கடைசி நாள் தீர்த்தவாரி



நம்ம கோயில் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தை ஒரு வருஷமாவது நாள் வாரியாகக் கவனித்துப் பாருங்கள். கொடியேற்றத்தன்று சுமாராக இருக்கும். ரத ஊர்வலத்தன்று காடி நிறுத்த இடம் கிடைக்காது. கடைசி நாள் தீர்த்தவாரிக்குப் போனால் குருக்கள், மேளக்காரர்கள், நிர்வாகத்தில் நாலு பேர், அப்புறம் நம்ம பாட்டிமார்கள். இளைஞர்களுக்குத் தகவல் அனுப்பினால், "அதான் தேர் முடிஞ்சிடுச்சே அங்கிள்" என்று பதில் வருகிறது.

தேர் முடிந்தால் திருவிழா முடியாது. பத்து நாள் திருவிழாவில் முதல் நாள் ஏற்றிய கொடி கடைசி நாள் வரைக்கும் இறங்காமல் நிற்கிறதே, எதற்காக? தீர்த்தவாரிக்காகத்தான். அன்றைக்கு சுவாமி ஆற்றங்கரைக்கோ குளத்துக்கோ கடலுக்கோ எழுந்தருளுவார். சிவாலயங்களில் சூல வடிவத்தில் இருக்கும் அஸ்திர தேவரைத் தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள். சுவாமி குளித்த அதே தண்ணீரில், அதே நேரத்தில், நாமும் முழுகுகிறோம். மற்ற நாளெல்லாம் அவர் வாகனத்தில், நாம் தெருவில். இந்த ஒரு நாள்தான் இரண்டு பேரும் ஒரே தண்ணீரில். அதற்குப் பிறகுதான் கொடி இறங்கும். அதற்கும் பிறகு விடையாற்றி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: பத்து நாள் ஊர் சுற்றிய சுவாமிக்கு ஓய்வு. முடிவுக்கு இவ்வளவு மரியாதை செய்யும் வழக்கம் நம்முடையது.

வீட்டுப் பூஜையிலும் அப்படித்தான். விநாயகர் சதுர்த்தி முடிந்து மறுநாள் மண் பிள்ளையாரை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கரைத்துவிட மாட்டோம். புனர்பூஜை செய்து, மீண்டும் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கொஞ்சம் வடக்கே நகர்த்தி வைத்த பிறகுதான் எடுப்போம். நம்ம பேச்சிலும் பாருங்கள், வாசற்படி இறங்கும்போது "போறேன்" என்று யாராவது சொன்னால் வீட்டில் திட்டு விழும். "போயிட்டு வர்றேன்"னு சொல்லு என்பார்கள்.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், பள்ளி விடுமுறைக் காலம் வருகிறது. வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் அம்மா அப்பாவை எங்காவது கூட்டிக்கொண்டு போகத் திட்டம் போடுகிறீர்கள். சந்தோஷம். லங்காவி, பினாங்கு, பங்கோர், கொஞ்சம் வசதி இருந்தால் பாலி. எல்லாத் திட்டத்திலும் முதல் நாள், இரண்டாம் நாள் எல்லாம் மணிக்கணக்கு போட்டு எழுதியிருக்கிறது. கடைசி நாளுக்கு மட்டும் ஒரே ஒரு வரி: "செக் அவுட், ஃபெரி, வீடு."

அந்த ஒரு வரி நாளில் என்ன நடக்கலாம் என்பதற்கு நம்ம கிளையில் இருக்கும் ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை. ஜொகூரில் வாடகை அறை. விடியற்காலை பாலம் தாண்டி, ராத்திரி திரும்பும் பிழைப்பு. அம்மா பேராக்கில், மலிவு விலை வீட்டில் தனியாக. அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். வீட்டிலிருந்து லூமுட் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஒரு தடவைகூட ஃபெரி ஏறியதில்லை. ஏறுவதற்கு ஒரு காரணமும் வாய்க்கவில்லை. தங்கச்சி கல்யாணம் ஆகி கூலிமில் இருக்கிறார்.

தம்பி போனில், "அம்மா, பங்கோர் போலாமா, மூணு நாள்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா உடனே சரி சொல்லவில்லை. மறுநாள் கூப்பிட்டு, "ஞாயிறு, திங்கள், செவ்வாய் போலாம்" என்றார். வார நாளில் அறை வாடகை குறைவு என்பதால் அம்மா அப்படிச் சொல்கிறார் என்று தம்பி நினைத்துக்கொண்டு லீவு போட்டார்.

முதல் இரண்டு நாள் நீங்கள் நினைக்கிற மாதிரிதான். இளஞ்சிவப்பு வேனில் தீவைச் சுற்றினார்கள். டச்சுக்காரர்கள் 1670-இல் ஈயத்தைப் பத்திரப்படுத்தக் கட்டிய கோட்டையின் செங்கல் சுவர் முன்னால் படம் எடுத்தார்கள். சாயங்காலம் தெலுக் நிப்பாவில் இருவாச்சிப் பறவைகள் வந்து உட்கார்ந்ததை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாராம். தம்பிக்கு மனசுக்குள் ஒரு பாரம் இருந்தது. அம்மாவிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்: வீட்டை விற்றுவிட்டு ஜொகூருக்கு வந்துவிடுங்கள் என்று. முதல் நாளே சொன்னால் பயணம் கெட்டுவிடுமே என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசி நாள் ஃபெரியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். நாம் எல்லோரும் கஷ்டமான பேச்சைக் கடைசி நாளுக்குத்தானே வைக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலை அஞ்சரை மணிக்கு ஏதோ சத்தம் கேட்டுத் தம்பி கண் விழித்தால், அம்மா சாலே அறையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். படுக்கை விரிப்பு மடித்தாகிவிட்டது. துண்டுகள் ஒரு ஓரமாக அடுக்கியிருக்கிறது. "அம்மா, அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க, நாம காசு கட்டியிருக்கோம்" என்றார் தம்பி. அம்மா நிமிரவே இல்லை. "மூணு நாள் நாம படுத்த எடம்பா" என்றார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று போகிறேன். நம்மில் பலர் தங்குமிடத்தை விட்டுக் கிளம்பும்போது அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காசு கட்டினால் உறவு தீர்ந்தது என்பது நம் கணக்கு. அம்மாவுடைய கணக்கில், தங்கிய இடம் நமக்கு ஒன்று செய்திருக்கிறது, அதற்குப் பதிலுக்கு ஒன்று செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அறைக்குச் செய்த புனர்பூஜை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த அம்மா அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார். விளக்குமாறு எங்கே என்றுதான் கேட்பார்.

கூட்டி முடித்துவிட்டு அம்மா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே ஒரு பழைய நூல் சேலை, ஒரு துண்டு, தம்பிக்கு ஒரு வேட்டி, ஒரு சின்னப் பொட்டலம். பொட்டலத்தில் கறுப்பு எள்.

"இன்னிக்கு அமாவாசைப்பா. கடலுக்குப் போயிட்டு வந்துடலாமா?"

அப்போதுதான் தம்பிக்குப் புரிந்தது. அறை வாடகைக்காக அம்மா நாள் பார்க்கவில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்திருக்கிறார். இரண்டு நாளாக மகன் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பேசாமல் வந்தவர், மூன்றாம் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடலில் நினைத்த நாளெல்லாம் புண்ணிய நீராடல் செய்யும் வழக்கம் நம் பெரியவர்களிடம் கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் மாதிரிப் பர்வ காலம் பார்ப்பார்கள். நாள் பார்க்க வேண்டியதில்லை என்று விதிவிலக்காகச் சொல்லப்பட்ட இடம் ராமேசுவரத்துச் சேது. விளையாட்டுக்காகக் கடலில் குளிப்பதை யாரும் தடுக்கவில்லை, அது வேறு. அந்த அம்மா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர், ஆனால் இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

தெலுக் நிப்பா மேற்கே பார்த்த கடற்கரை. சூரியன் முதுகுப் பக்கம், மலைக்குப் பின்னால் வருவதால், வெளிச்சம் வந்த பிறகும் தண்ணீர் கொஞ்ச நேரம் இருட்டாகத்தான் இருக்கும். அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். பிறகு எள்ளை மகன் கையில் கொட்டி, "அப்பாவ நெனச்சுத் தண்ணி விடுப்பா" என்றார். தம்பிக்கு மந்திரம் தெரியாது. "பேரச் சொல்லி விடு, போதும். மிச்சம் சாமிக்குத் தெரியும்."

தம்பி அப்பா பேரைச் சொல்லி விட்டார். "தாத்தாவுக்கு?" என்றார் அம்மா. தாத்தா பேரும் தெரியும். அடையாள அட்டையில் அப்பா பேரோடு சேர்ந்து இருக்கிறதே. "அவரோட அப்பாவுக்கு?" தம்பி முழித்தார். அந்தப் பேரை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மருமகளாக வந்த புதிதில் மாமியார் சொல்லிக்கொடுத்தது. கப்பலில் வந்து பினாங்கில் இறங்கி, தோட்டத்துக்குப் போனவர் அவர். அந்தப் பேரை உலகத்தில் இன்றைக்கு அறிந்த ஒரே ஆள், இடுப்பளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நிற்கிற அந்த அம்மா.

தம்பி தங்கைகளே, தர்ப்பணத்தில் மூன்று தலைமுறையின் பேர் சொல்லித் தண்ணீர் விடுகிறோம்: அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அம்மா வழியிலும் அப்படியே. பேர் தெரியாதவர்களுக்கும், தண்ணீர் விட யாருமே இல்லாதவர்களுக்கும்கூட ஒரு கை எள்ளும் தண்ணீரும் உண்டு. நம் முன்னோர்கள் பலர் போனது அப்படித்தான். ரயில் பாதை போட்டவர்கள், காடு அழித்தவர்கள், தோட்டத்து மயானத்தில் கல்லும் இல்லாமல் படுத்திருப்பவர்கள். அந்த மயானங்களில் சிலவற்றின் மேல் இப்போது வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. எழுதி வைக்காத பேர் வாயிலிருந்து வாய்க்குத்தான் வர வேண்டும். ஒரு வாய் மூடிவிட்டால் அத்தோடு சரி.

இந்த இடத்தில் எனக்குத் திருவண்ணாமலை ஞாபகம் வருகிறது. 14-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஆண்டவர் போசள மன்னர் வல்லாளர். கோயிலில் வல்லாள கோபுரம் என்று இன்றைக்கும் நிற்கிறது. தல புராணத்தின்படி அவருக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கொள்ளி வைக்கக்கூட ஒருவன் இல்லையே என்று அவர் அழுதபோது, நானே உனக்கு மகனாக இருந்து செய்கிறேன் என்று அண்ணாமலையார் வாக்குக் கொடுத்ததாக வரலாறு. வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடவில்லை. ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, தீர்த்தவாரி கண்டு, வல்லாளருக்குத் திதி கொடுக்கிறார். அரசர் போய் அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளை இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

பிள்ளை இல்லாதவருக்கு ஆண்டவனே பிள்ளை. காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டபோது, பிரசவ வலியில் இருந்த மகளுக்கு அவனே தாய், திருச்சியில் தாயுமானவர். இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த வேலையை யார் செய்வது? பிள்ளை இருக்கிறதே என்று ஆண்டவன் நம்மை நம்பி விட்டுவைத்திருக்கிறான்.

பங்கோரிலேயே மாசி மகம் நடக்கிறது. பங்கோர் பட்டணத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் பத்திரகாளியம்மன். பினாங்கில் தெலுக் பஹாங் சிங்கமுக காளியம்மனும் அன்றைக்குக் கடலோரம் வருகிறாள். மாசி மகத்துக்கு ஃபெரியில் போகும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். தம்பியும் அம்மாவும் போன அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலில் கூட்டம் எதுவும் இல்லை. ஈரத்தலையோடு போய், நெய் விளக்கு ஏற்றி, பிரகாரம் மூன்று சுற்று. பிறகு கோயில் வாசலிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு, பொட்டலம் கட்டி வாங்கிய நாசி லெமாக் சாப்பிட்டார்களாம். நெத்திலியை ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிட்டார் அம்மா, அமாவாசை அல்லவா.

கல்வி முடித்து வீட்டுக்குக் கிளம்பும் மாணவனிடம் குரு பேசுகிற ஒரு பகுதி தைத்திரீய உபநிடதத்தில் இருக்கிறது. தாயைத் தெய்வமாகக் கொள், தந்தையைத் தெய்வமாகக் கொள் என்ற அறிவுரை அங்கேதான் வருகிறது. மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஆனால் அது எந்த நாளில் சொல்லப்பட்டது என்பதை நாம் கவனிப்பதில்லை. குருகுலத்தில் கடைசி நாள். வேதம் சொல்லிக்கொடுத்த குரு, பையன் மூட்டை கட்டி நிற்கும்போது சொன்னது இது. பாடத்திட்டத்தில் முதல் நாளே வைத்திருக்கலாம் இல்லையா? வீட்டுக்குத் திரும்பப் போகிறவனுக்குத்தான் அந்தப் பேச்சு உபயோகம் என்று நினைத்திருப்பார்.

மாம்பழக் கதையை யாராவது இங்கே கொண்டுவருவீர்கள் என்று தெரியும். பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றி வந்து பழம் வாங்கினார், முருகன் உலகத்தைச் சுற்றி ஏமாந்தார் என்று. நாம் முருகனைக் கும்பிடுகிற ஜனம். அவர் மயில் ஏறியது தப்பு என்று என் வாயால் வராது. வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகிற பிள்ளைகளுக்கு மயில்தான் வாகனம். சுற்றி முடித்து எங்கே வந்து நின்றார் பாருங்கள், புறப்பட்ட அதே இடத்தில், அம்மையப்பன் முன்னால்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். கிளம்பும் முன்னால் அம்மா ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டார். தம்பிக்குச் சிரிப்பு. ராமேசுவரமும் ஒரு தீவுதான் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். காசி ராமேசுவர யாத்திரை போகிறவர்கள் அந்தத் தீவுக் கடற்கரை மணலை எடுத்துக்கொண்டு வடக்கே போய்க் கங்கையில் கரைப்பார்கள். அங்கிருந்து கங்கை நீரைச் சுமந்து மறுபடி ராமேசுவரம் வந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வார்கள். அப்போதுதான் யாத்திரை பூர்த்தி. போன இடத்திலிருந்து ஒன்றை எடுத்துவந்து சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கும் வரைக்கும் பயணம் முடிவதில்லை. நாம் தொலைபேசி நிறையப் படம் கொண்டுவருகிறோம், எந்தச் சந்நிதியில் சேர்க்கிறோம் என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மா அந்தத் தண்ணீரை வீடு முழுக்கத் தெளித்தார். அப்பா படுத்திருந்த அறையில் கொஞ்சம் அதிகமாக.

ஃபெரியில் தம்பி ஒருவழியாகப் பேச்சை ஆரம்பித்தார். வீட்டை விற்கலாம், ஜொகூரில் அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு பார்க்கலாம், நீங்க தனியா இருக்கிறது எனக்குப் பயமா இருக்கு என்று. அம்மா அழுவார், இல்லை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாராம்.

அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டது இவ்வளவுதான். "நீ காலைல எத்தன மணிக்குப் போயிட்டு எத்தன மணிக்கு வருவ?"

"நாலரைக்குப் போவேன். ராத்திரி எட்டு, ஒன்பது ஆகும்மா."

"பக்கத்துல கோயில் இருக்கா? நடந்து போற தூரத்துல? அதப் பாத்துட்டுச் சொல்லுப்பா. நான் வர்றேன்."

தம்பி ஜொகூரில் ஆறு மாசமாக வீடு பார்த்துவிட்டார். ரயில் நிலையம் எவ்வளவு தூரம், பாலத்துக்கு எவ்வளவு நேரம், மாதத் தவணை எத்தனை வெள்ளி, எல்லாம் கணக்கில் இருந்தது. பதினாறு மணி நேரம் அம்மா அந்த வீட்டில் யார் முகத்தைப் பார்ப்பார் என்பது கணக்கில் இல்லை. இப்போது மறுபடி முதலிலிருந்து பார்க்கிறார். ஒரு கோயில் பக்கத்தில் கிடைத்த வீடு நாலாம் மாடி, மின்தூக்கி இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. இன்னொன்றில் விலை ஒத்துவரவில்லை. இதற்கிடையில் மாசத்துக்கு இரண்டு வாரக்கடைசி பேருந்து பிடித்து ஊருக்குப் போய்வருகிறார். போன மாசம் நம்ம வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வராமல் போனதற்கு அதுதான் காரணம். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் போகும்போது இரண்டு விஷயம் செய்யலாம். கிளம்பும் தேதியை நீங்களே முடிவு செய்துவிட்டுச் சொல்லாமல், அம்மாவையோ அப்பாவையோ நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி நாள் காலையில் எந்த நிகழ்ச்சியும் போடாதீர்கள், ஃபெரியை மத்தியானத்துக்கு மேல் எடுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம், கடலில் கால் நனைக்கலாம், ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம். அது அவர்கள் நேரம். கிழக்குக் கரைத் தீவுகளுக்கு டிசம்பரில் போகாதீர்கள், மழைக்காலம், கடல் கொந்தளிக்கும்.

தம்பி அன்றைக்கு லூமுட் ஜெட்டியில் இறங்கியதும் முதல் வேலையாக அந்த மூன்று பேரையும் தொலைபேசியில் எழுதித் தங்கச்சிக்கு அனுப்பினார். கூலிமிலிருந்து உடனே பதில் வந்தது. "அண்ணா, அம்மா பக்கத்துப் பேரெல்லாம் எங்க?"

அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குத் தன் அப்பா பேரும் தாத்தா பேரும் தெரியும். அதற்கு மேல் நினைவில்லை. "தைப்பிங்ல பெரியம்மா இருக்காங்கல்ல, அவங்களுக்குத் தெரியும்" என்றார். பெரியம்மாவுக்கு எண்பத்து நாலு வயசு. அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் தைப்பிங் போகிறார்கள்.